காசியின் ஒன்பதாவது பாட்டு

திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரிக்கு என் டிரம்ஸ் குச்சிகளைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. "இத வச்சு என்னங்க பண்ணுவீங்க?" என்றார். "அடிப்பேன் சார்" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. குச்சிக்குக் கீழே ஒரு மைக், அதற்கும் கீழே அட்டை உறை போட்ட சிடிக்கள். "வியாபாரமா?" என்றார். "வியாபாரம்னா யாராச்சும் வாங்கணுமே சார்." போங்க போங்க என்று கையைக் காட்டிவிட்டார்.

அந்த சிடிதான் எங்கள் முதல் ஆல்பம். பெயர் 'ஞாயிறு மட்டும்'. பேண்டின் பெயர் 'ஈரத்துணி'. சிங்கப்பூரில் நாங்கள் நாலு பேர். கிட்டாருக்கு ஃபாரூக், பேஸுக்கு வினோத், டிரம்ஸுக்கு யமுனாவாகிய நான், பாடுவதற்குக் காசி. தமிழில் ராக். எந்தக் கம்பெனியும் எங்களைச் சீந்தவில்லை. போங்கடா என்று நாங்களே பதிவு செய்து, நாங்களே உறை வெட்டி ஒட்டினோம். சாப்பாட்டு மேசையில் கொட்டிய பசை இன்னும் போகவில்லை என்று ஃபாரூக்கின் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுகிறார்.

நாங்கள் மூன்று பேரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். காசி புதுக்கோட்டைக்காரன். எங்கள் ஒத்திகை அறையின் ஏர்கானை, அதாவது ஏசியைப் பழுதுபார்க்க வந்தவன், ஏணியில் நின்றபடியே என் தாளத்துக்கு எதையோ முணுமுணுத்தான். ஃபாரூக் வாசிப்பதை நிறுத்திவிட்டு "இறங்கி வா" என்றான். பயந்துபோய் இறங்கினான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் எங்களோடு பாடினான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. ஆல்பத்துக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

அவன் பாட்டெல்லாம் அவன் ஊர்தான். திருமயம் கோட்டை மேலே அடிக்கும் காற்று, திருவரங்குளத்தில் தவறவிட்ட பஸ், கறம்பக்குடிச் சந்தையில் தொலைந்துபோன ஒற்றைச் செருப்பு. நான் பார்த்தே இராத ஒரு மாவட்டத்துக்கு மூன்று வருஷமாகத் தாளம் போட்டிருக்கிறேன். எட்டுப் பாட்டு முடிந்தது. ஒன்பதாவதுக்கு நாங்கள் வாசித்து முடித்துவிட்டோம், அவன் பாட வேண்டியதுதான் பாக்கி. சிடியில் அது இப்போதைக்கு வெறும் வாசிப்புதான். அதற்குள் அவன் வேலை அனுமதி புதுப்பிக்கப்படாமல் போய், அவசர அவசரமாக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பாட்டை எழுதி வைக்கிற பழக்கமும் அவனுக்குக் கிடையாது. மைக் முன்னால் நின்றால்தான் வரி வரும்.

அப்புறம் போனில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! வெயிலைப் பற்றிப் பேசுவான், என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பான். பாட்டு என்று வாயெடுத்தால் "டவர் கெடைக்கலக்கா" என்று வைத்துவிடுவான். ஆல்பத்தை இணையத்தில் ஏற்ற வேண்டிய நாள் நெருங்கியது. வேறு யாரையாவது பாட வைக்கலாம் என்றான் வினோத். அவனோடு ஒரு வாரம் நான் பேசவில்லை. அந்த வாரத்திலேயே டிக்கெட் போட்டுவிட்டேன்.

காசியைப் பாட வைத்துப் பதிவு செய்துகொண்டு வருவது, வெளியே சொன்ன காரணம். அவனையே திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது உள்ளுக்குள் இருந்த ஆசை. அவனுக்கு வேறு கம்பெனியில் வேலைக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடையில் முட்டை மாஸ் சாப்பிட்டேன். அவித்த முட்டையை வெட்டிப்போட்டு, வெங்காயமும் சால்னாவும் ஊற்றி, கல்லிலேயே பிரட்டிக் கொடுக்கிறார்கள். வாயெல்லாம் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்துக் கடைக்காரர், "மொத தடவையாங்க? தண்ணி குடிக்காதீங்க, இன்னொரு பரோட்டா சாப்பிடுங்க, சரியாப் போயிரும்" என்றார். சரியாகத்தான் போயிற்று. எங்கள் ஊர்க் கோப்பிக் கடைகளில் இத்தனை அக்கறையாக எனக்கு யாரும் யோசனை சொன்னதில்லை.

கறம்பக்குடி பஸ் எங்கே என்று ஒருவரைக் கேட்டேன். "அந்தா அங்கிட்டு நிக்குது பாருங்க, ஓடுங்க ஓடுங்க" என்றார். அவர் ஓடச் சொன்ன வேகத்தில் நானும் ஓடி, அங்கிட்டு நின்ற இரண்டு பஸ்ஸில் தப்பானதில் ஏறிவிட்டேன். கூட்டத்தை நீந்தி வந்த கண்டக்டர், "கறம்பக்குடியா? இது திருமயம் போறதும்மா! நேர் எதிர்ப்பக்கம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அக்கா, "போனாப் போகுது, கோட்டையப் பாத்துட்டுத் திரும்பு" என்று சொல்லிவிட்டு, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, அப்பா அம்மா சும்மாவா விட்டார்கள் என்று வரிசையாக ஆரம்பித்தார். டிரம்ஸ் வாசிக்கிறேன் என்றேன். "அதான்" என்றார்.

சரி, முதல் பாட்டே இந்தக் கோட்டைதானே என்று மொட்டை வெயிலில் ஏறினேன். உச்சியில் ஒரு பீரங்கி. அதன் பக்கத்தில் ஒரு சீனத் தம்பதி, செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்தவர்களாக இருக்க வேண்டும். பேச்சைக் கேட்டால் எங்கள் பக்கத்து மாண்டரின், எனக்கும் கொஞ்சம் புரியும். "நம்ம ஊரிலும் இதே வெயில்தான், ஆனால் அங்கே ஏர்கான் இருக்கிறது" என்றாள் மனைவி. "பேசாமல் நில், காற்று வருகிறது" என்றான் கணவன். அவன் சொல்லி முடிக்கவும் காற்று வந்தது. காசி பாடிய அதே காற்று. பாட்டில் அவன் அந்த இடத்தில் மூச்சை இழுத்து நிறுத்துவான், எதற்கு இந்த இழுவை என்று எத்தனையோ நாள் அவனைத் திட்டியிருக்கிறேன். அந்தக் காற்றில் நின்றபோது இழுத்தது சரிதான் என்று பட்டது. பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் சரியான பஸ். நானும் சும்மா இல்லை, கேள்விக்கு மேல் கேள்வி கேட்டுத்தான் ஏறினேன். திருவரங்குளம் வந்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். இரண்டாவது பாட்டின் ஸ்டாப் அது. ஒரு டீக்கடை, சுவரில் கிழிந்த போஸ்டர், தலையில் துண்டு போட்ட இரண்டு பேர். அவ்வளவுதான். இந்த இடத்துக்காகவா நான் அப்படி அடித்து நொறுக்கினேன் என்று சிரிப்பு வந்தது. பஸ் நகர்ந்ததும் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், டிரைவர் நிற்கவில்லை. அவர் இடுப்பில் கைவைத்து நின்ற விதம் அச்சு அசல் அந்தப் பாட்டு.

காசியின் ஊர்ப் பெயரை எழுதினால் அவனுக்குக் கோபம் வரும். கறம்பக்குடிப் பக்கம், விடுதி என்று முடிகிற ஊர்களில் ஒன்று. சிங்கப்பூரிலும் அவன் இருந்தது தொழிலாளர் தங்கும் விடுதி. "எந்தூருக்குப் போனாலும் எனக்கு விடுதிதாங்க்கா" என்று அடிக்கடி சொல்வான். சுற்றிலும் முந்திரித் தோப்பும் தைலமரக் காடும். ஊர் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே காதில் விழுந்துவிட்டது. அம்மன் பாட்டு, குழாய் ஸ்பீக்கரில், பஸ் கண்ணாடி அதிர்கிற சத்தத்தில்.

வருகிறேன் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன், பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே காசி. கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் சதை போட்டு. மஞ்சள் வேட்டி, கையில் மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, என் தோளில் தொங்கிய மைக் பையைப் பார்த்ததும் கொஞ்சம் வாடியது. "வாங்கக்கா" என்றான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். "டவர் கெடைக்குதாடா இப்ப?"

அவன் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பசியாறுனியாத்தா?" என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கேட்போம். பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. வாழை இலையில் சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பலாக்கொட்டைக் குழம்பு. நாட்டுக்கோழிக்கு ஆசைப்பட்டு வந்தவள் நான். காசியின் மனைவி சுகந்தி என் முகத்தைப் படித்துவிட்டாள். "காப்புக் கட்டிருக்குக்கா, திருவிழா முடியுற வரைக்கும் கவிச்சி கெடையாது" என்றாள். அவள் ஆறு மாசம் முழுகாமல் இருந்தாள். காசி போனில் அதைக்கூடச் சொல்லவில்லை.

என் திட்டம் திருச்சியில் ஒரு ஸ்டூடியோவுக்கு அவனைக் கூட்டிப்போய்ப் பாட வைப்பது. அவனைத் திருச்சி வரைக்கும் கூட்டிப்போய் வரட்டுமா என்று கேட்டதுமே மூன்று பேரும் ஒரே நேரத்தில் முடியாது என்று தலையை ஆட்டினார்கள். கையில் காப்புக் கட்டியவன் தீச்சட்டி எடுக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம்.

"நீ எதுக்குடா தீச்சட்டி எடுக்குற?" என்றேன்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அவர்தான் சொன்னார். "நான் வேண்டிக்கிட்டதுத்தா. எம்மவன் வெளிநாடு போனது போதும், திரும்பி வந்து எங்கூடவே இருக்கணும், வந்துட்டா தீச்சட்டி எடுக்க வைக்கிறேன் மாரியாத்தான்னு வேண்டுனேன். வந்துட்டான்." பிறகு எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டார், "நீ அவனக் கூட்டிட்டுப் போகவா வந்த?"

"பாட்டு எடுக்க வந்தேம்மா" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. "பாட்டா? இவனா?" என்று அவர் சிரித்தார். மூன்று வருஷம் பாடியவன் வீட்டில் ஒரு வார்த்தை மூச்சுவிட்டிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லியிருக்கிறான் திருடன்!

சாயங்காலம் முந்திரித் தோப்பு வழியாக நடந்தோம். ஏன் மாட்டேன் என்கிறாய், சொல்லித் தொலை என்று பிடித்துக்கொண்டேன்.

"பாடுனா திரும்ப ஆச வந்துருங்க்கா" என்றான். "இப்பதான் கறம்பக்குடியில ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க் கடையில சேந்து, மனசு ஒரு மாதிரி அடங்கியிருக்கு. ஞாயித்துக்கெழம ஆனா மட்டும் கை காலெல்லாம் என்னமோ பண்ணும். சுகந்திகிட்டகூடச் சொல்லல."

"எனக்கும்தாண்டா ஆசை" என்றேன். "ஞாயித்துக்கெழமை ஆனா நாங்க மூணு பேரும் அந்த அறையில மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். நீ நின்ன இடத்துல மைக் ஸ்டாண்ட் அப்படியே நிக்குது. ஃபாரூக் அதுல சட்டையக் காயப்போடுறான்."

சிரித்தான். வேறு வழியில்லாமல் சிடியில் இருந்ததை என் போனில் போட்டு ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டினேன். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கேட்டான். முதல் பாட்டு போனது. இரண்டாவது பாட்டின் பாதியில் ஹெட்ஃபோனைப் பிடுங்கினான்.

"என்னங்க்கா இது! தொண்டை கட்டியிருந்தப்ப ஒப்புக்குப் பாடிக் குடுத்தது. சும்மா தாளத்துக்கு வச்சுக்கிருங்க, பெறகு ஒழுங்காப் பாடுறேன்னு சொன்னேன்ல? அதையே வச்சுட்டீங்களா?"

"நீதான் பெறகு வரலையே."

"மானம் போச்சு! ஊரு ஒலகமெல்லாம் இத என் குரல்னுல நெனைக்கும்?" எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். "ஒண்ணயாச்சும் உருப்படியாப் பாடுறேன். நாளைக்கு எடுங்க." இப்படி ஒரு கோபத்துக்காக நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, முந்திரிப் பழம் கண்ணில் தெறித்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

பாடுவதற்கு ஆள் கிடைத்தாயிற்று, சத்தமில்லாத இடம்தான் கிடைக்கவில்லை. காலையில் கோழிக்கு முன்னால் மைக்செட் எழுந்துவிடுகிறது. கோயில் முன்னால் கம்பம் நட்டு நாலு திசைக்கும் நாலு குழாய். பூட்டிய பள்ளிக்கூட வராந்தா, நெல் மூட்டை அடுக்கிய அறை, கண்ணாடி ஏற்றிய கார், எதற்குள் போனாலும் அம்மன் கூடவே வந்தாள். கடைசியில் வயலில் காசியின் மோட்டார் ரூம். மோட்டாரை நிறுத்தி, சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டோம். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் மைக்கில் அப்போதும் கேட்டது. சிங்கப்பூரில் என் டிரம்ஸ் சத்தத்துக்கு மேல்வீட்டுக்காரர் இரண்டு முறை போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். அவரை ஒரு நாள் இந்த ஊரில் கொண்டுவந்து விட வேண்டும்.

ஃபாரூக் போன் செய்து ஆங்கிலத்தில் கத்தினான். தமிழில் சொன்னால், "போன காரியம் என்ன ஆயிற்று, நீ அங்கே தின்றுகொண்டுதானே இருக்கிறாய்?" என்று அர்த்தம். குழாய்ச் சத்தத்தில் என் பதில் அவனுக்குக் கேட்கவில்லை. "அங்கே என்ன கச்சேரி?" என்றான்.

காசி போர்வைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது நான் நேராக மைக்செட் ரெங்கராசுவிடம் போனேன். நாலு குழாயையும் மனதாரப் பாராட்டினேன். "தெக்குப் பாத்தது பக்கத்து ஊருக்கே கேக்குங்க" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு மெதுவாக, ஒரு பத்து நிமிஷம் நிறுத்த முடியுமா என்றேன். முகம் மாறியது. "நிப்பாட்டுறதா? சனம் என்னமும் நெனச்சுக்கும்ங்க." பாட்டு நின்றால் கோபித்துக்கொள்வார்கள் என்கிறார் என்று நினைத்தேன். "நான் பாத்துக்கிறேன்ண்ணே, கடல் தாண்டி வந்திருக்கேன்" என்றேன். தலையைச் சொறிந்தார். "வெளிநாட்டுப் புள்ள, வாய்விட்டுக் கேட்டுருச்சு. சரி போங்க, நீங்க அங்கிட்டுப் போயிச் சேரவும் நிப்பாட்டுறேன்."

மோட்டார் ரூம் கதவைச் சாத்தினேன். பாட்டு நின்றது. அப்பாடா! வந்ததிலிருந்து முதல் தடவையாகக் குருவிச் சத்தம் கேட்டது. காசியின் கை ஆணியோடு அப்படியே நின்றது.

"என்னங்க்கா மைக்கு அமந்துபோச்சு?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். பாடு."

"ஐயையோ அக்கா, காப்புக் கட்டுன ஊருல…" கதவைப் பார்த்தான், மைக்கைப் பார்த்தான். "நேரமில்லடா" என்று ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். எங்கள் மூவரின் வாசிப்பு அவன் காதுக்குள் ஓடத் தொடங்கியதும் அவன் முகம் மாறிவிட்டது. ஏணியில் நின்று முணுமுணுத்தவனின் முகம். கண்ணை மூடிப் பாடினான்.

என்ன பாட்டு என்று கேட்காதீர்கள், ஆல்பத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்து துணி துவைத்துக் காயப்போடுகிற ஒருவன், அந்த ஈரத்துணியோடு பேசுகிற பாட்டு. நான் சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் தொடையில் தாளம் போட்டேன். இதற்காக எத்தனை ஞாயிறு காத்திருந்தேன்! இவன் இல்லாமல் இனி வாசிக்க மாட்டேன், எப்படியாவது கூட்டிப்போய்விட வேண்டும் என்று அந்த நிமிஷம் முடிவே செய்துவிட்டேன்.

அப்போது வெளியே காலடிச் சத்தம். பலபேர் ஓடிவருகிற சத்தம். ஹெட்ஃபோன் போட்டிருந்த காசிக்குக் கேட்கவில்லை. அவன் கடைசிச் சரணத்துக்கு முன்னால் மூச்சை இழுத்து நிறுத்தினான். கதவு படாரென்று திறந்தது.

அவன் அம்மா. முடி அவிழ்ந்து, காலில் செருப்பில்லாமல். "ஏய் காசி! எம்மவனுக்கு என்ன? எம்மவன என்ன பண்ணுன?" என்று கூவிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தார். பின்னால் சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அதற்கும் பின்னால் பாதி ஊர்.

காசி ஹெட்ஃபோனைக் கழற்றினான். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். "ஒண்ணுமில்லம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான்தான் பாடுறேன்" என்றான்.

விஷயம் எனக்கு அதற்கப்புறம்தான் விளங்கியது. திருவிழாவில் மைக்செட் ஒரு காரணத்துக்காகத்தான் பாதியில் நிற்குமாம். ஊருக்குள் சாவு விழுந்தால். கரண்டு போனால்கூட ஜெனரேட்டர் உண்டு, பாட்டு நிற்காது. நின்றதும் சனம் வயலையும் அடுப்பையும் போட்டுவிட்டு ஓடி, யாரு யாரு என்று ரெங்கராசுவைப் பிடித்திருக்கிறார்கள். அந்த மனுஷன் பதறிப்போய், "காசி, மோட்டார் ரூமு" என்று கையைக் காட்டியிருக்கிறார். போதாதா? மோட்டாரில் கரண்டு அடித்துவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு எழுந்து தோளில் கிடந்த துண்டால் காசியை அடி பின்னிவிட்டார். "பாட்டுக்கா? பாட்டுக்காடா மைக்க அமத்துனீங்க? உசுரே போச்சேடா!" எனக்கும் இரண்டு விழுந்தது. தப்பில்லை. அடித்து முடித்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் கை அவன் முதுகை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் முன்னால் நான் செய்த முடிவு அங்கேயே போய்விட்டது.

கூட்டத்தில் ஒரு பெரியம்மா மட்டும், "நல்லாத்தானப்பா பாடுனான், இவனுக்கு இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ரெங்கராசு பயந்துபோய் அம்மன் பாட்டை முன்னைவிடச் சத்தமாகத் திறந்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் வந்து, இன்னொரு தடவை இந்த வேலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசிச் சரணம் அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது. சாயங்காலம் போர்வைகளை மடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "வரலக்கா. கூட்டத்தப் பாத்ததும் போயிருச்சு" என்றான்.

மறுநாள் காலை கிளம்பினேன். அம்மா ஒரு முழுப் பலாப்பழத்தைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். விமானத்தில் விட மாட்டார்கள் என்று கெஞ்சிக் கூத்தாடி, சுளையாக உரித்து டப்பாவில் வாங்கிக்கொண்டேன். "பாட்டு முடிஞ்சிருச்சா?" என்றார். அடித்த கோபமெல்லாம் எப்போதோ போயிருந்தது.

"இல்லம்மா, கடைசில கொஞ்சம் பாக்கி."

"இருக்கட்டும். அதுக்காச்சும் நீ திரும்ப வருவல்ல." என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் காசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் ஆளாளுக்கு அவனை நிறுத்தி, "என்னப்பா பாட்டுக்காரா" என்றார்கள். அவனுக்கு வெட்கம், ஆனால் நடையில் ஒரு மிதப்பு. "இப்ப அங்க யாருக்கா பாடுறது?" என்று கேட்டான்.

"யாருமில்ல."

"வேற ஆளத் தேடுங்க."

"தேட மாட்டேன்."

வாடா என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவன் கை மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தேன், விழுங்கிக்கொண்டேன். அவனும் எதற்கோ காத்திருந்தது போலத்தான் இருந்தது. "ஒடம்பப் பாத்துக்கங்கக்கா" என்றான் கடைசியில்.

பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அம்மன் பாட்டு முடிந்தது, உடனே குழாயிலிருந்து என் டிரம்ஸ் கேட்டது. திடுக்கிட்டுப் போனேன். ரெங்கராசு காலையில் வந்து என்னிடம் ஒரு சிடி கேட்டு வாங்கிப் போயிருந்தார், சும்மா வீட்டில் கேட்கத்தான் என்று நினைத்திருந்தேன். எட்டுப் பாட்டையும் விட்டுவிட்டு, நேராகக் கடைசிப் பாட்டைப் போட்டிருக்கிறார் புண்ணியவான். குரலே இல்லாத ஒன்பதாவது பாட்டு, நாலு திசைக்கும், பக்கத்து ஊர் வரைக்கும். எங்கள் ஆல்பம் வெளியானது அப்படித்தான். கண்டக்டர், "என்ன பாட்டு இது, பாடுறதுக்கு ஆளக் காணோம்?" என்றார்.

டிரைவர் யாரோ ஒருவருக்காகக் காத்திருந்தார். பாட்டு ஓடி, கடைசிச் சரணம் வர வேண்டிய இடத்துக்கு வந்தது. அப்போது பஸ் கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். நிறுத்தத்தை ஒட்டிய கோயில் புளியமரத்தடியில், கம்பத்துக் குழாய்க்கு நேர் கீழே காசி நின்றிருந்தான். கண்ணை மூடியிருந்தான். மூச்சை இழுத்து நிறுத்தினான். பிறகு அவன் வாய் அசைந்தது.

பாடிக்கொண்டிருந்தான். குழாயில் என் டிரம்ஸ் இடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது, ஒரு வரி, ஒரு சொல் காதில் விழவில்லை. மைக் பை சீட்டுக்கு அடியில் பலாச்சுளை டப்பாவுக்குக் கீழே கிடந்தது. "நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினேன். டிரைவருக்கும் அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. முந்திரித் தோப்பு வந்து மறைக்கிற வரைக்கும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் போன் செய்து கேட்டேன். என்ன பாடினோம் என்று அவனுக்கே ஞாபகமில்லையாம்.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றிவிட்டோம். ஒன்பதாவது பாட்டில் காசி பாடுகிறான், கதவு திறக்கிறது, அம்மா கூவுகிறார், "நான்தான் பாடுறேன்" என்கிறான். எதையும் வெட்டவில்லை. அதற்குப் பிறகு முடிவு வரை வெறும் வாசிப்பு மட்டும்தான். அந்த இடத்தை ஏன் காலியாக விட்டீர்கள் என்று கேட்கிறவர்கள் எல்லாருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். காலியாக இல்லை. அவன் பாடியிருக்கிறான், நான் பார்த்தேன். என் டிரம்ஸ் சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை.